பரம்பரைச் செவிடு

என் தங்கச்சியின் கலியாணப் பேச்சைக் குழப்பியது ஒரு வசனம். ஆறே ஆறு சொற்கள். அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. எங்கள் கடலைக் கண்டதில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இன்றுவரைக்கும் அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கின பிறகு எழுதலாம் என்று மூன்று வருடம் காத்திருந்து பார்த்தேன். அது அடங்குகிற வகை ஆத்திரமாகத் தெரியவில்லை.

நாங்கள் கற்பிட்டிக் கரையில் மீன்பிடியை நம்பி இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி. எனக்குக் கலியாணமாகி, கணவர் கட்டாரில் வேலை. நான் அதே வளவில் பின்வீட்டில் இருந்துகொண்டு பட்டணத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தட்டச்சு வேலைக்குப் போய் வந்தேன். தங்கச்சி பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அவளுக்குச் சிலாபம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இத்தாலியில், வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. வீட்டார் இரண்டு தரம் வந்து போனார்கள். மாப்பிள்ளை வீடியோவில் தங்கச்சியோடு கதைத்தார். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் மாப்பிள்ளையின் பெரியம்மா அம்மாவுக்குப் போன் எடுத்தார். எங்கள் வீட்டில் எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டித்தான் கதைப்போம். அப்பாவுக்குக் காது கேட்பது குறைவு, அவருக்கும் விளங்கட்டும் என்று பழகிப்போன பழக்கம். ஆகவே அந்தப் பெரியம்மா சொன்னது அத்தனையும் குசினியில் நின்ற தங்கச்சிக்குக் கேட்டது.

முதலில் சுகம் விசாரித்தார். மீன் விலையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, பிள்ளை குட்டி பிறந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லாரும் யோசிக்கிறார்கள் என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. என்ன யோசனை என்று கேட்டார்.

"உங்கட ஊரைப் பற்றி நெட்டில கிடக்கு அக்கா. நாங்க இட்டுக்கட்டிச் சொல்லேல்ல. உலகமே பாக்கிற இடத்தில கிடக்கு."

அதற்குப் பிறகு ஒரு படத்தை அனுப்பினார். ஆர் வேண்டுமானாலும் எழுதலாம், ஆர் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறதே, அந்தக் கலைக்களஞ்சியம், அதில் எங்கள் ஊருக்கும் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தின் படம். அதில் ஒரு வசனத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"இவ்வூர் மக்களிடையே பரம்பரைச் செவிட்டுத்தன்மை பரவலாகக் காணப்படுகிறது."

முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அப்பா, ஆர் போனில் என்று சைகையால் கேட்டார். சிலாபத்து ஆக்கள் என்று அம்மா வாயை அசைத்தார். அப்பா சிரித்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

எங்கள் ஊரில் காது கேளாத ஆண்கள் இருக்கிறார்கள். ஓம், நிறைய இருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. வெளியாட்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் ஏதோ சண்டை நடக்கிறது என்று நினைப்பார்கள். அவ்வளவு சத்தமாகத்தான் கதைப்போம். ஆனால் அவர்களில் ஒருவரும் செவிடாகப் பிறந்தவரில்லை. எல்லாரும் சுழியோடுகிறவர்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கீழே போகிறவர்கள். நாட்டில் சண்டை நடந்த காலத்தில் கடலுக்குப் போக ஆயிரம் தடை இருந்தது. சண்டை முடிந்து கடல் திறந்ததும், இத்தனை வருடப் பசியையும் ஒரேயடியாகத் தீர்க்கிற மாதிரி எல்லாரும் இறங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு சிலிண்டர் போதாது என்று மூன்று, நான்கு என்று இறங்கினார்கள். கிட்டத்தில் அட்டை குறையக் குறைய ஆழத்துக்குப் போனார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்படி மெதுவாக மேலே வருவது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூக்கால் இரத்தம் வரும். காதால் சீழ் வரும். எண்ணெயைக் காய்ச்சி விட்டுக்கொண்டு அடுத்த நாளும் போவார்கள். ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் செவிடு என்றால், தகப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில் போனார்கள் என்று அர்த்தம். இரத்தத்தில் வந்த வியாதி என்று அர்த்தமில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் முதல் வேலையாகக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முழுக்க வாசித்தேன். ஊர் இருக்கிற இடம் சரி. கோயில் சரி, கோயிலின் பாதுகாவலர் சரி. தபால் இலக்கம் சரி. கரைவலையைப் பற்றி இரண்டு வரி, அதுவும் சரி. எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது அதுதான். எல்லாம் பிழையாக இருந்திருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒன்பது உண்மைக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பொய்யும் உண்மை போலவே இருந்தது.

மேலே 'தொகு' என்று இருந்ததை அழுத்தினேன். வசனத்தை அழித்தேன். சேமித்தேன். வசனம் போய்விட்டது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே நம்ப முடியவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்து அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் வசனம் திரும்ப வந்து குந்தியிருந்தது. சான்றுள்ள தகவலைக் காரணமில்லாமல் நீக்க வேண்டாம் என்று எனக்கு ஒரு குறிப்பும் இருந்தது. திரும்பவும் அழித்தேன். கால் மணித்தியாலத்தில் திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் அழித்துவிட்டு, அந்த இடத்தில் "இது பச்சைப் பொய்" என்று எழுதினேன். விசமத் தொகுப்புக்காக எனக்கு ஒரு நாள் தடை போட்டார்கள். என் ஊர், என் அப்பா, என் தங்கச்சி. விசமம் செய்தவள் நான்.

கடை முதலாளி புத்தளத்து முஸ்லிம் ஆள். நான் அவரை, அண்ணன் முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். நான் மேசையில் அடித்த சத்தம் கேட்டு வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். குனிந்து திரையில் இருந்ததை வாசித்தார்.

"புள்ள, இந்தப் பக்கத்தத்தானே நாம ஸ்கூல் புள்ளைகளுக்கு ஒப்படைக்கு அடிச்சு அடிச்சுக் குடுக்கிற," என்றார்.

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. நுளம்பைப் பற்றி, எரிமலையைப் பற்றி, பண்டைய அரசர்களைப் பற்றி என்று எத்தனை பிள்ளைகள் வந்து நின்றார்கள். அந்தக் களஞ்சியத்தைத் திறந்து, வெட்டி, ஒட்டி, நிறப் படத்தோடு அச்சடித்துக் கொடுத்தவள் நான்தான். இதில் எழுதியிருப்பது சரியா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக் கூரையில் விழுந்த பிறகுதான் தோன்றியது. அந்த வெட்கமும் சேர்ந்து ஆத்திரமாகத்தான் மாறியது.

தடை முடிந்ததும் அந்த வசனத்தின் நுனியில் இருந்த சின்ன இலக்கத்தை அழுத்தினேன். அதுதான் சான்றாம். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எழுதிய ஆய்வுக் கட்டுரை அது, ஆங்கிலத்தில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். முன்னுரையில் ஆய்வு நடந்த இடமும் காலமும் வந்தபோது அகராதியை மூடி வைத்தேன்.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஓரிரு வருடத்தில், மீனவக் குடும்பங்களின் சுகாதாரம் என்று ஆய்வு செய்ய வந்து, கன்னியர் மடத்தில் தங்கியிருந்தாள். வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கடைசி நாள் அவளுக்குக் காய்ச்சல். மிச்சம் கிடந்த வீடுகளுக்குப் படிவங்களை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டில் கேட்டல் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்களா? ஓம், இல்லை. ஓம் என்றால் எத்தனை பேர், குடும்பத் தலைவருக்கு என்ன முறை? நான் ஓம், ஓம், ஓம் என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். எங்கள் வீட்டுக்கும் ஓம். தகப்பன், மகன், சகோதரன் என்று வடிவான எழுத்தில் நிரப்பினேன். ஏன் கேட்கவில்லை என்று படிவம் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே என்று நானும் எழுதவில்லை.

கட்டுரையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: இங்கே கேட்டல் குறைபாடு அதிகம், பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் பலருக்குக் காணப்படுகிறது. அதை வாசித்த ஒருவர், ஒரே குடும்பத்தில் பலருக்கு என்றால் பரம்பரை என்று முடிவு கட்டி, தமிழில் வடிவாக ஒரு வசனம் செய்து ஒட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் இல்லாத சொல் தமிழில் முளைத்துவிட்டது.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் உரையாடலுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் நான் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் ஊர் ஆண்கள் சுழியோடுகிறவர்கள், காது பழுதானது தொழிலால், படிவத்தை நிரப்பியவளே நான்தான் என்று எழுதினேன். வசனத்தை எழுதியவர் மறுநாளே பதில் எழுதினார். ஒரு புனைபெயரில் இருந்தார். அவருடைய பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பக்கம் தொடங்கியவர். வரைபடங்களில் ஆர்வம் உள்ளவராம். ஒரு சதம் வாங்காமல் செய்கிறாராம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

"தங்கள் வேதனை புரிகிறது. ஆயினும் தாங்கள் கூறுவது சொந்த அனுபவம். வெளியிடப்பட்ட, நம்பகமான சான்று இருந்தால் தாருங்கள், மகிழ்ச்சியுடன் மாற்றுவேன்."

பரம்பரை என்ற சொல் கட்டுரையில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். கருத்து அதுதான், சொல் வேறு என்றார். என் அப்பா உயிரோடு இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று எழுதினேன். தனிநபரை மேற்கோள் காட்டக் களஞ்சியத்தின் விதிகள் இடம் தராது என்றார். கடைசியில், விரும்பினால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் "மேலும் சான்று தேவை" என்று ஒரு குறி போடுவதாகச் சொன்னார். போட்டார். பரம்பரை என்ற சொல்லின் தோளில் சின்னதாக ஒரு குறி. பெண் பார்க்கிற ஆட்கள் தோளைப் பார்ப்பதில்லை.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்திருப்பேன். இவர் எங்கேயோ ஒரு குளிர் ஊரில், வேலை முடிந்து வந்து, தமிழுக்குத் தொண்டு செய்கிறேன் என்று மனச்சுத்தியோடு இருந்து, என் தங்கச்சியின் வாழ்க்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தார். எழும்புங்கள் என்றால் சான்று கேட்டார். எழுதுகிறதற்கு ஊரைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. அழிக்கிறதற்கு மட்டும் ஊரில் பிறந்ததே போதாது.

அந்த ஆய்வு செய்த பிள்ளையின் இலக்கத்தை மடத்து சிஸ்டரிடம் வாங்கினேன். மலைநாட்டுப் பிள்ளை, இப்போது அங்கே எங்கேயோ படிப்பிக்கிறாள். என்னை ஞாபகம் இருந்தது. விசயத்தைக் கேட்டு உண்மையிலேயே கவலைப்பட்டாள்.

"நான் பரம்பரைன்னு எழுதல அக்கா."

"ஏன் காது போனதெண்டு எழுதினீங்களா?"

"அது என் தலைப்பு இல்ல. படிவத்துலயும் அதுக்கு இடம் இருக்கல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "கடைசி நாள் படிவங்கள நீங்கதானே நிரப்பித் தந்தீங்க. ஓரத்துல ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா நான் பார்த்திருப்பேன்."

நான் போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் கடைக்குப் போகவில்லை.

அதுவரைக்கும் அப்பாவுக்கு ஒருவரும் விசயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு விசயத்தைத் தனியாகச் சொல்வது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும். சிலாபத்து ஆக்கள் ஏன் பிறகு வரவில்லை என்று அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். சீதனமா காரணம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். தன்னிடம் ஒளிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, சொல்லு என்றார்.

கடையில் பழுதாய்ப்போன ஒரு தாளின் பின்பக்கத்தில் நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். பரம்பரை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ர அப்பனுக்கும் கேக்காதெண்டோ எழுதியிருக்கிறான்?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"என்ர அப்பன் சாகும்வரைக்கும் கரைவலைதான் இழுத்தவர். ஒருநாளும் சுழியோடினதில்லை. வாசல்ல பூனை நடந்தாலும் எழும்பிக் குந்திற மனுசன்."

பிறகு அவர் தன் காது போன நாளைச் சொன்னார். அதை அவர் எங்களுக்கு முந்தி ஒருநாளும் சொன்னதில்லை. தலவிலக் கோயிலில் மார்ச் மாதத் திருநாள் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை. கடல் தண்ணீர்க் கோப்பை மாதிரி இருந்ததாம். அன்றைக்கு மூன்றாவது சிலிண்டர். கீழே போகும்போதே வலது காது இறுகியது. மேலே வந்திருக்கலாம், ஆனால் அட்டை கண்ணுக்கு முன்னால் கிடந்தது. டப் என்று ஒரு சத்தம். காதுக்குள் குளிராகத் தண்ணீர் போவது தெரிந்தது. உடனே கடல் சுற்றத் தொடங்கிவிட்டது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. தன் வாயிலிருந்து போகிற குமிழ்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து, அதன் பின்னாலேயே வந்தாராம். வள்ளத்தில் ஏற்றிவிட்டு எல்லாரும் வாயை வாயை அசைத்தார்கள், ஒருவரும் கதைக்கவில்லை என்று நினைத்தாராம். கொஞ்ச நாளில் இடது காது கொஞ்சம் திரும்பியது. வலது திரும்பவில்லை. ஆறு கிழமை கழித்து அவர் மீண்டும் கடலுக்குள் இறங்கினார். அந்த வருடம்தான் நான் கணினி படிக்கக் கற்பிட்டிக்குப் போகத் தொடங்கினேன்.

"இதை எழுதிப் போடு," என்றார். "நான்தான் சொன்னனெண்டு என்ர பேரைப் போட்டு எழுது. ஆரும் கேட்டா என்னட்டக் கூட்டிக்கொண்டு வா."

அப்படிப் போட முடியாது அப்பா, நீங்கள் சான்று இல்லை என்று அவரிடம் எழுதிக் காட்ட எனக்குக் கை வரவில்லை. போடுகிறேன் என்று தலையாட்டினேன். அவர் கத்திச் சொன்ன கதையைக் கேட்டுத் தெருவில் நாலைந்து பேர் வேலிக்கு வெளியே நின்றார்கள். இரண்டு பேர் தங்கள் காது போன நாளை அங்கேயே சொல்லத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் நாள் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் சான்று தேடி இறங்கினேன். பங்குச் சுவாமியாரிடம் போனேன். அவர் தனக்குத் தெரிந்த ஒரு காது வைத்தியரைக் கூப்பிட்டு, கோயில் மண்டபத்தில் ஒரு நாள் பரிசோதனை வைத்தார். வைத்தியர் ஒவ்வொருவராகக் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இது பிறவிக் குறை இல்லை, சவ்வு கிழிந்து உள்ளேயும் பழுதாகியிருக்கிறது, இனி இறங்க வேண்டாம் என்று சொன்னார். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். நோயாளியின் பெயருக்கு ஒரு மருத்துவத் துண்டு தரலாம், ஒரு ஊருக்குத் துண்டு எழுத முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த நாட்களில் எனக்கு எதிரில் வந்த எல்லாரும் நியாயமான ஆட்களாகவே இருந்தார்கள்.

பரிசோதனையைப் படம் எடுக்க ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபர் வந்திருந்தார். அவரைப் பிடித்தேன். அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கிழமைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது, அப்பாவின் படத்தோடு. அப்பாவின் வயதில் பத்து வருடம் கூட்டிப் போட்டிருந்தார்கள். தலைப்பு: "செவித்திறன் இழக்கும் முத்துக்குளிப்போர்".

எங்கள் ஊரில் ஒருவரும் முத்துக் குளிக்கவில்லை. முத்தை நாங்கள் நகைக்கடைக் கண்ணாடிக்கு உள்ளே கண்டதோடு சரி.

ஆனாலும் அது அச்சில் வந்த தாள். படம் எடுத்து உரையாடல் பக்கத்தில் போட்டேன். அன்றைக்கே அந்த மனிதர் நன்றி சொல்லி வசனத்தை மாற்றினார். "இவ்வூரின் முத்துக்குளிப்போர் பலர் தொழில் காரணமாகச் செவித்திறனை இழந்துள்ளனர்." பரம்பரை போய்விட்டது. நான் அழுதேன். தாளில் அச்சடித்துக்கொண்டு போய் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "முத்தோ?" என்று கேட்டார்.

முத்தைக் கடலட்டை, சங்கு என்று நான் திருத்தினேன். மேற்கோளில் முத்து என்றே உள்ளது என்று சொல்லித் திரும்ப முத்தாக்கிவிட்டார்கள். நிருபருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார்.

"கடலட்டையெண்டு தலைப்புப் போட்டா ஆர் வாசிக்கிறது, தங்கச்சி?"

இரண்டு மாதம் கழித்துச் சிலாபத்துப் பெரியம்மா திரும்பவும் போன் எடுத்தார். வசனம் மாறியிருப்பதை மாப்பிள்ளையே பார்த்தாராம். பிழையான விளக்கம் போல, விட்டதிலிருந்து பேசுவோம் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கோ வென்றுவிட்ட மாதிரி இருந்தது. தங்கச்சி வந்து அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை.

"மாமி, எங்கட அப்பாட காது போனபடிதான் கிடக்கு. இனியும் வராது. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் அவளோடு சண்டை பிடித்தேன். இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் கிடக்கிறது.

"எனக்காகவோ அக்கா? இத்தனை மாதமா நீ அந்த முகம் தெரியாத மனுசனோடதான் கதைச்சுக்கொண்டு இருந்தாய். இந்தக் கலியாணம் வேணுமோ எண்டு என்னட்ட ஒருக்கா கேட்டனியோ? அவர் என்னோட ஆறு மாதம் போனில கதைச்சவர். எங்கட அப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு என்னட்டக் கேக்கேல்ல. அதைப் போய் வாசிச்சவர்."

அவள் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள், ஆனால் இந்த விசயத்தை மட்டும் தொடுவதில்லை. அடுத்த வருடம் மதுரங்குளியில் ஒரு பாலர் பாடசாலைக்குப் பொறுப்பாகப் போனாள். இப்போதும் அங்கேதான், ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கலியாணம் இன்னும் சரிவரவில்லை. மாதத்தில் ஒருமுறை வருகிறாள். கேட்கிறவர்களுக்கு அம்மா தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிறார்.

முத்து மட்டும் அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து வேறு இணையத் தளங்களும் எழுதின. யந்திரக் குரலில் ஒரு வீடியோவும் வந்தது. பட்டம் விட்டுக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் கரைப் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. போன வருடம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் ஒரு வான் நின்றது. பழைய முத்துக்குளிக்கும் ஊர் என்று சொல்லி ஒரு சிங்கள ஓட்டுநர் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் அப்பாவைச் சுற்றி நின்று, முத்து இருக்கிறதா என்று விரல்களால் சைகை காட்டிக் கேட்டார்கள். அப்பா ஒன்றும் விளங்காமல் காய்ந்த கருவாட்டை எடுத்துக் காட்டினார்.

நான் போய் நடுவில் நின்றேன். ஓட்டுநருக்குச் சிங்களத்திலும் அவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் சொன்னேன். முத்து இல்லை. கடலட்டை, சங்கு. இவர் கீழே போனவர். இவருடைய காது அங்கேதான் உடைந்தது. அப்பாவின் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். வயதான ஒரு பெண் கவனமாகக் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, இதைப் பற்றி எங்கே வாசிக்கலாம் என்று கேட்டாள்.

நான் அப்பாவைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், படலையைச் சாத்தினேன்.